மூட்டைக்கும் வேண்டுதலா?

ரெண்டு வாரமாகப் பத்தி வரவில்லையே, உடம்புக்கு என்ன என்று விசாரித்தவர்களுக்கு... உடம்புக்கு ஒன்றுமில்லை. கால்தான் போச்சு.

திருப்பத்தூரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பாத யாத்திரை போயிருந்தேன். எங்கள் சர்ச் பங்கிலிருந்து பதினாலு பேர். காவி உடை, வெறுங்கால். வழியில் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்பது வேண்டுதல். தெருமுனையில் பால் வாங்கவே ஸ்கூட்டி எடுக்கிறவளுக்கு இதெல்லாம் தேவையா?

தேவைதான். போன வருஷம் என் தங்கை ரோஸிக்குப் பெரிய ஆபரேஷன். டாக்டரே கையை விரித்துவிட்டார். பிழைத்து எழுந்தால் தன் கல்யாணப் பட்டுப் புடவையை மாதாவுக்குச் சாத்துவதாக அவள் நேர்ந்துகொண்டாள். பிழைத்தாள். ஆனால் வேளாங்கண்ணி வரை நடக்கத் தெம்பில்லை.

"அக்கா, எனக்காக நீ எடுத்துட்டுப் போறியா?" என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? அந்த அரக்குப் புடவையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் மூட்டையின் அடியில் வைத்துக்கொண்டேன்.

மெயின் ரோட்டில் போனால் வெயில், ஜவ்வாது மலை வழியாகப் போனால் மரநிழல் என்று குழுவில் முடிவானது. நிழல் இருந்தது. ஏற்றமும் இருக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

புதூர்நாடு தாண்டியதும் என் வலது பாதம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட, துணைக்கு ஸ்டெல்லா டீச்சர் மட்டும் என்னோடு நடந்தார். அப்போது ஒரு ஷேர் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே ஆட்கள், மேலே மூட்டைகள்.

"ஏறிக்கோங்கம்மா. இன்னாத்துக்கு இப்டி நொண்டிக்கினு போறீங்க?" என்றார் டிரைவர்.

"வேண்டுதல்ங்க. வண்டி ஏறக் கூடாது."

"எங்க சாமிக்கு நடந்தா நாங்களும் ஏற மாட்டோம்" என்று தலையாட்டினார். கொஞ்சம் யோசித்தார். "சரி... மூட்டைக்கும் வேண்டுதலா?"

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன். மேலே வைத்துக் கட்டினார். "முன்னாடி ஊர்ல வச்சிட்டுப் போறேன்" என்றார். ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது.

"எந்த ஊரு? யார் வீட்ல?" என்றார் டீச்சர். தெரியாது. "வண்டி நம்பராவது பாத்தீங்களா?" பார்க்கவில்லை. அப்போதுதான் மூட்டைக்குள் இருந்த புடவை ஞாபகம் வந்தது.

ரோஸியிடம் என்ன சொல்வேன்? சாவின் வாசலில் நின்று நேர்ந்த புடவையை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டேன் என்றா? ரெண்டு மணி நேரம் நடந்தோம். கையில் ஜெபமாலை. பாதி மணி மாதாவுக்கு, மீதி அந்த டிரைவரைத் திட்டுவதற்கு!

அடுத்த ஊரின் முதல் வீட்டு வாசலில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கால் வீங்கின அம்மா நீங்கதானா? ஜீப்பு அண்ணன் சொல்லிட்டுப் போச்சு... தண்ணி காய வைக்கச் சொல்லி. ரெண்டு தபா காய வச்சிட்டேன். ஆறி ஆறிப் போவுது."

அடுப்பில் புளிய இலை போட்ட வெந்நீர். சாமைக் கொல்லையில் களை எடுக்கக்கூடப் போகாமல் எனக்காகக் காத்திருக்கிறார். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"என் மூட்டை எங்க?"

கோழி சீண்டாமல் இருக்க உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எடுத்துக் கொடுத்தார். அவர் முன்னாலேயே அவிழ்த்தேன். அடிவரை கையை விட்டேன். கவரைப் பிரித்தேன், புடவையைப் பிரித்து முந்தானை வரை பார்த்தேன். டீச்சர் என் முழங்கையை இடித்தது எனக்கு உறைக்கவே இல்லை.

"பாத்துக்கோங்க. எல்லாம் சரியா கீதா?" என்றார் அந்தப் பெண். கோபமில்லை, குத்தலில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குத்தான் முகம் சுட்டது.

அவர் வெந்நீரை ஊற்றி வைத்த அண்டாவுக்குள் காலை வைத்தேன். என் பேரைக் கேட்டார். புடவை யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"தங்கச்சி இப்ப நல்லா சாப்புடுதா?"

"சாப்பிடறா."

"அப்பறம் இன்னா" என்று இன்னொரு செம்பு வெந்நீர் ஊற்றினார். வீக்கம் பாதி வடிந்ததும் கிளம்பினோம். இந்த முறை மூட்டை என் தோளில்தான்.

பத்து நாள் கழித்து வேளாங்கண்ணி. புடவையைக் கொடுத்துவிட்டு ரோஸிக்கு போன் போட்டேன். ரெண்டு பேரும் அழுதோம். பிறகு அந்த மலைக்காரப் பெண்ணுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றப் போனேன். பேரைச் சொல்லி ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம்.

பேர்? என் பேரைக் கேட்டார், என் தங்கை சாப்பிடுகிறாளா என்றுகூடக் கேட்டார். நான் அந்த வீட்டில் கேட்டது மூட்டையை மட்டும்தான்.

"ரெண்டு தபா தண்ணி காய வச்சவங்க" என்று சொல்லி ஏற்றினேன். எனக்குத்தான் பேர் தெரியாது... மாதாவுக்கு ஆள் தெரியும்.