பன்னிரண்டு பேர் பட்டியல்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குப் பத்து நாள் இருக்கும்போது, புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க தாலுகா ஆபீஸ்ல இருக்கீங்களாமே. பாதம் கழுவறதுக்குப் பன்னெண்டு பேரு வேணும். ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க."

ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்று சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவது வழக்கம். என் சர்வீஸில் நான் போட்ட பட்டியல்களுக்கு அளவில்லை. இவ்வளவு சிரத்தையாக எதையும் போட்டதில்லை.

தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். நான் யு.டி. கிளார்க், ஹெட் கிளார்க்குக்கு ஒரு படி கீழே. எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். இன்னும் சர்வீஸில் இருக்கிறேன். எங்கள் ஹெட் கிளார்க் ஜூன் மாதம் ரிடையர் ஆகவிருந்தார். அவருடைய நாற்காலிக்குக் கை உண்டு, என்னுடையதற்கு இல்லை. ஆபீஸில் யாரும் இல்லாதபோது அதில் உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். அடுத்து யார் உட்காருவது என்பது தாசில்தார் எழுதும் நாலு வரியில் இருந்தது.

பட்டியலில் வரிசை எண், பெயர், பதவி அல்லது நிலம், குறிப்பு என்று நான்கு கட்டம் போட்டேன். முதலில் ரைஸ் மில் முதலாளி, இரண்டாவது ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். அடக்கத்தின் காரணமாக என்னை மூன்றாவதாக வைத்துக்கொண்டேன். அடியில் "தங்கள் மேலான ஒப்புதலுக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒப்புதலுக்குக் காத்திராமல் தாசில்தாரிடம் போனேன்.

"ஊரே பாக்க, சாமியாரே மண்டி போட்டு என் காலைக் கழுவறாருங்க சார்."

"அட! உனக்கு அவ்ளோ செல்வாக்காய்யா? நானே வந்து பாக்கறேன்."

தாசில்தார் கிறிஸ்தவர் அல்ல. அதனால் அதை ஒரு பதவி என்று நினைத்துக்கொண்டார். நான் பரம்பரைக் கிறிஸ்தவன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தினமும் செங்கல் துண்டை வைத்துக் குதிகாலைத் தேய்த்தேன். "ஞானஸ்நானத்துக்குக்கூட உங்கம்மா இவ்ளோ தேச்சிருக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

புதன்கிழமை சாமியார் பட்டியலை எடுத்து முழுவதும் படித்தார்.

"இதுல ஒருத்தரு காலாவது அழுக்காவுமா?"

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். "ஆவாதுங்க சாமி. எல்லாரும் செருப்பு போடறவங்க."

"அப்பறம் எதுக்குங்க கழுவறது?"

பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரே பன்னிரண்டு பேரைச் சொன்னார். கிணறு வெட்டுகிறவர், ஆடு மேய்க்கிறவர், பாரவண்டி ஓட்டுகிறவர். பன்னிரண்டாவது ஆள் சூசை.

சூசை எங்கள் ஆபீஸ் பியூன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பவர். பஸ் போகாத கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோவதும் அவர்தான். அதற்கு முந்தின வாரம் சித்தேரி மலை அடிவாரத்துக்கு ஒரு மெமோ கொடுத்து அனுப்பியிருந்தேன். அதில் கையெழுத்துப் போட மறந்துவிட்டேன். அங்கிருந்த மணியக்காரர் வாங்க மறுக்க, சூசை திரும்பி வந்தார். "பாத்து வாங்கிட்டுப் போறதில்லையா?" என்று சத்தம் போட்டு, மறுபடியும் நடக்கவிட்டேன்.

"நீங்க எம் பக்கத்துல செம்பு புடிச்சிக்கிட்டு வந்து தண்ணி ஊத்துங்க" என்றார் சாமியார். "ஆபீஸ்காரரு, கை நடுங்காது."

தாசில்தாரிடம் போய், "வர வேண்டாம்" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வியாழன் சாயங்காலம் தாசில்தார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பெஞ்சில் பன்னிரண்டு பேர். செம்போடு வந்த என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் வேறு யாரோ மாதிரி நடந்துகொண்டேன். பதினோரு பேர் காலுக்கும் ஊற்றும்போது, அடுத்து ஆபீஸில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

சூசை காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சாமி, வேணாமுங்க. சாரு ஊத்தி நான் எப்படிங்க காலை நீட்டறது?"

காலை நீட்ட மறுத்த முதல் ஆள் சூசை இல்லை, ஆண்டவரிடமே ஒரு சீடர் மறுத்தார் என்பது வேதம் கேட்டவர்களுக்குத் தெரியும். சாமியார் சிரித்துக்கொண்டே காலைப் பிடித்து இழுத்தார். நான் ஊற்றினேன். சூசையின் உடம்பு வெடுக்கென்று ஆடியது. குதிகாலில் ஒரு குழி, சுற்றிலும் வீக்கம், ஓரமெல்லாம் சீழ்.

"என்னாச்சு சூசை?"

"ஒன்னுமில்லீங்க சாமி. முள்ளு ஏறிப்போச்சு."

"எங்க?"

சூசை என்னைப் பார்த்தார். "வேலையா போனப்பங்க" என்று மட்டும் சொன்னார்.

எந்த வேலை என்று அவர் சொல்லவில்லை. யாருடைய கையெழுத்து இல்லாத எந்தக் காகிதம் என்று சொல்லவில்லை. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டேன். அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சாமியார் கழுவினார், நான் துடைத்தேன். முன்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் அங்கே இருந்தது அதுதான் முதல் தடவை. கடவுள் பக்கத்தில் இருந்தாரா என்று சாட்சி சொல்ல எனக்குத் தகுதியில்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லாதது மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பெரிய வெள்ளி லீவு முடிந்து சனிக்கிழமை தாசில்தார் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? பியூன் காலைப் புடிச்சவன் ஹெட் கிளார்க் சேர்ல உக்காந்தா எவன் மதிப்பான்? சும்மா சடங்குதானே? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, உம் பேரையே எழுதிடறேன்."

ஆமாம் என்றால் முடிந்தது. பாதி உண்மையும்கூட. வாயைத் திறந்தேன்.

"சடங்குதானுங்க சார். ஆனா காயம் நெசங்க. என்னாலதான் வந்தது."

மெமோ கதையையும் சொல்லிவிட்டேன். வீரம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாசில்தார் பேனாவை மூடினார். ஜூனில் அந்த நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். எனக்குக் கை வைத்த நாற்காலி கிடைக்க இன்னும் ஆறு வருடம் ஆனது. கிடைத்தபோது, கையில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும் இளம் கிளார்க்குகளுக்கு என்னிடம் பெரிய போதனை ஏதும் இல்லை. காகிதத்தை மடிக்கும் முன் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நான் இரண்டு தடவை பார்ப்பேன். அப்போது என் உதடு அசைவதைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு, எண்ணிச் சரிபார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோகப்போகிறவரின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்கு ஒழுங்காக வருகிற ஜெபம் அது ஒன்றுதான்.