என் மகளின் ஒற்றைத் தும்மல்

பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா என்னும் சுதந்திரத் தேதியை அறிவித்தார்களே, அந்த வருடம் நடந்தது இது. மலாக்காவில் காஜா பேராங் பக்கம், கம்போங் செட்டி என்ற குடியிருப்பை ஒட்டி ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. எங்களுக்கு ஆறு வயதில் ஒரே மகள். கல்யாணம் தள்ளிக்கொண்டே போன என் நாத்தனாரும் எங்களோடுதான் இருந்தாள்.

மகளுக்கு முதலில் கண்ணைக் கண்ணைச் சிமிட்டும் பழக்கம் வந்தது. அது குறைந்ததும் மூக்கை உறிஞ்சினாள். அதுவும் போய், கடைசியில் ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘ஹச்க்’ என்று மூக்கிலிருந்து வெடிக்கும். சாப்பிடும்போது, படிக்கும்போது, சாமி கும்பிடும்போது, நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தபடியே இருக்கும். தெரியாதவர்கள் கேட்டால் ஒற்றைத் தும்மல் என்றுதான் நினைப்பார்கள்.

தூங்கும்போது மட்டும் வராது. அதை வைத்துக்கொண்டு நான் பெரிய வக்கீல் போல வாதம் பண்ணினேன். தூக்கத்தில் வராதது விழித்திருக்கும்போது வருகிறதென்றால், இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதானே அர்த்தம்? மிளகுக் கஷாயம் கொடுத்துப் பார்த்தேன், விபூதி பூசிப் பார்த்தேன். பிறகு நாக்கில் மிளகாய் தேய்த்தேன், தொடையில் கிள்ளினேன். கிள்ளக் கிள்ளச் சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. அழுத்தக்காரி என்று இன்னும் இரண்டு கிள்ளு வைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மா இருந்தார், பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டி வம்சம். நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு மட்டும் முழுக்க மலாய். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நான் கிள்ளுவதைப் பார்த்துவிட்டு, “புக்கான் டியா மாவ்” என்றார். அவளாக வேண்டும் என்று செய்வதில்லை என்று அர்த்தம். தன் தம்பிக்கும் சின்ன வயதில் இப்படித் தலை வெட்டி வெட்டி இழுத்தது, யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதில் தானாகப் போய்விட்டது என்றும் சொன்னார். பிள்ளை வளர்க்க இவரிடமா நான் பாடம் படிக்க வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இந்த நிலையில்தான் நாத்தனாரைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ‘ஹச்க்’. மாப்பிள்ளையின் பெரியப்பா கோப்பியைக் கீழே வைத்தார். “நல்ல காரியம் பேசறப்ப ஒத்தத் தும்மல் விழுதே” என்றார். அப்புறம் பதிலே வரவில்லை. அவர்களுக்கு வேறு ஏதும் காரணம் இருந்திருக்கலாம். எனக்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் காரணமாகத் தெரிந்தது. என் நாத்தனார் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் நான்தான்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பின் என்ற ஊரிலிருந்து இன்னொரு இடம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். இதையும் விட்டால் வேறு கிடைக்காது என்று எனக்குப் பயம். அன்று காலையிலேயே மகளை நிற்க வைத்துச் சொன்னேன்: “இன்னிக்கு நீ சத்தம் போட்ட, அத்தைக்குக் கல்யாணமே நடக்காது. எல்லாம் உன்னாலதான்.” அவள் தலையை ஆட்டினாள். ஆட்டும்போதே ‘ஹச்க்’ என்று வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மகளைச் செட்டி அம்மா வீட்டில் விட்டுவிடலாம் என்பது என் திட்டம். மற்ற நாளில் முகத்தைத் திருப்பினாலும் தேவைக்குப் போய் நிற்பேன், அதற்கெல்லாம் வெட்கப்பட மாட்டேன். ஆனால் மூன்றரைக்கே அவர்களுடைய மோட்டார் காடி வந்து வாசலில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போக வாசல் வழியைத் தவிர வேறு வழி கிடையாது. நான் யோசிக்கவே இல்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் தள்ளி, வெளிக் கொக்கியைப் போட்டேன். “மூச்சு விடக் கூடாது” என்று சொன்னது என் வாய்தான்.

கூடத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம், பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பார்த்தாயா, நினைத்தால் இவளால் அடக்க முடிகிறது என்று எனக்கு உள்ளுக்குள் வெற்றி வேறு.

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவ வேண்டும் என்று எழுந்தார். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்வதற்குள் பின்னால் போய்விட்டார். நானும் ஓடினேன். தொட்டிக்கு எதிரேதான் கொட்டகை. உள்ளே ஏதோ பலகையில் இடிப்பது போல் மெல்லக் கேட்டது. அவர் கொக்கியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

தகரக் கூரையின் சூடு முகத்தில் அடித்தது. விறகுக்கு நடுவில் என் மகள் குந்தியிருந்தாள். அடுப்படியில் நான் கை துடைக்கும் துணியை, இழுத்துப்போன வழியில் எடுத்திருப்பாள் போல, வாய் நிறைய அடைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று வீங்கி, சட்டையெல்லாம் நனைந்திருந்தது. சத்தம் வரும் ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப் போட, தலை பின்னால் இருந்த பலகையில் இடித்தது. அந்தத் துணியை அவள் வாயில் நான் வைக்கவில்லை. அவளே அடைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் எனக்குள் முதலில் என்ன தோன்றியது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ‘ஐயோ, என் பிள்ளை’ என்று தோன்றவில்லை. ‘போச்சு, சம்பந்தம் போச்சு’ என்றுதான் தோன்றியது.

அந்த அம்மாதான் துணியை உருவி எடுத்து, முகத்தில் தண்ணீர் அடித்தார். மகளுக்கு மூச்சு வாங்கியது. யார் என்றுகூடத் தெரியாமல் அவரிடமே கேட்டாள், “அவங்கள்லாம் போயிட்டாங்களா? நான் சத்தம் போடல.” சொன்னதும் அடக்கி வைத்ததெல்லாம் பத்து, இருபது என்று வரிசையாக வெளியே வந்தது.

“யாரும்மா பிள்ளைய உள்ள வச்சது?” என்று அவர் என்னைப் பார்த்தார்.

“விளையாட்டுப் பிள்ளை, ஒளிஞ்சி விளையாடியிருப்பா. கொக்கி தானா விழுந்திருக்கும் போல” என்றேன்.

மகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “ஆமா, நான்தான் ஒளிஞ்சிக்கிட்டேன்” என்றாள். ஆறு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது. அந்த அம்மா கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சத்தம் கேட்டு நாத்தனார் வந்துவிட்டாள். கட்டியிருந்த பட்டுச் சேலையையும் பார்க்காமல், விறகுத் தூசியோடு இருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். “என் அண்ணன் மக. இவளுக்கு இப்படிச் சத்தம் வரும். தும்மல் இல்ல” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, “நீங்க பேசுங்க, பிள்ளை பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். நான் எதற்கு நடுங்கினேனோ, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே அன்று நாள் குறித்தார்கள்.

நாத்தனார் நன்றாக வாழ்ந்தாள். மகளின் சத்தமும் ஒன்பது வயதுக்குள் தானாக நின்றுபோனது. செட்டி அம்மா சொன்னது அப்படியே நடந்தது. அவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

இன்று மகளுக்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். போன மாதம் அவள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ விருந்தாளிகள் வந்து கூப்பிட்டார்கள். மகள் எழுந்திருக்கும் முன் சேலைத் தலைப்பை எடுத்து ஒரு கணம் வாயில் வைத்து அழுத்தினாள். பிறகு சிரித்த முகத்தோடு, “வாங்க, வாங்க” என்று போனாள். யார் வந்தாலும் இப்படித்தான். அவளுக்கே இது தெரியாது, இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியும். இதையும் அவளாக வேண்டும் என்று செய்வதில்லை. ஆனால் இது தானாக வந்ததும் இல்லை, தானாகப் போகவும் இல்லை, ஏனென்றால் இதைப் பழக்கியவள் நான்.