இஸ்திரிப்பெட்டிக்குக் கட்டுப்பட்டவள்

எங்கள் தெருவில் துணி தேய்ப்பவரை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவோம். மனிதர் செய்தித்தாளைக்கூட நாலு மூலையும் சரிபார்த்துத்தான் மடித்து வைப்பார். அவர் கடையை ஒட்டினாற்போல், கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை என்னுடையது. நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் அவர் வீட்டுச் சங்கதி எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை.

அவர் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. பட்டாணி என்று செல்லப்பெயர் வைத்தவன் நான்தான். குழந்தைக்காக விட்டிருந்த தபால் நிலைய வேலைக்கு மடிப்பின் மனைவி ஒன்றாம் தேதி திரும்பியாக வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். சூடான இஸ்திரிப்பெட்டி இருக்கிற கடையில் குழந்தையை நாள் முழுக்க வைத்திருக்க முடியாது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதை நடத்தும் அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஒண்ணுக்கு வந்தா குழந்தை சொல்லணும். சொல்லத் தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று மடிப்பு களத்தில் இறங்கினார். நடுவில் குழி வைத்த பச்சை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி, மேசைக்கு எட்டத்தில் போட்டார். அதில் பட்டாணியை உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார். எல்லாத் தகப்பனும் செய்வதுதான். ஆனால் இரண்டு நாளில் வாய் வலித்ததும் அந்த வேலையைப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டார். ஈரத்துணிமேல் பெட்டியை வைப்பார், ஸ்ஸ்ஸ் என்று கேட்கும், பட்டாணி காரியத்தை முடிப்பாள். பத்தே நாளில் சொல்லிவைத்தாற்போல் நடந்தது. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை. சட்டை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதையே அளந்துகொண்டிருந்தார்.

ஒன்றாம் தேதிக்கு முன்பே பழகட்டும் என்று காப்பகத்தில் விட்ட முதல் நாள் மதியத்துக்குள் நாலு கவுன் நனைந்தது. ஐந்தாவது கவுன் இல்லாததால் குழந்தையைத் துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள்.

"சொல்லவே மாட்டேங்குறா. வாசல்ல பஸ் வந்து நின்னாப் போதும், நின்ன இடத்துலயே போயிடுறா" என்றார் அந்த அம்மா.

பேருந்து நிற்கும்போது பிரேக்கிலிருந்து காற்று ஸ்ஸ்ஸ் என்று வெளியேறுமே, அதுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மடிப்பின் மனைவி சிரிக்கவில்லை.

"பெட்டி சொன்னாப் போறா, பஸ் சொன்னாப் போறா. அவ வயிறு சொல்றதக் கேக்க யாராவது கத்துக்குடுத்தீங்களா? எனக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

மடிப்பு அன்று மாலை முழுவதும் தேய்த்த சட்டைகளையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் புதுப் பாடம் தொடங்கியது. பெட்டி ஸ்ஸ்ஸ் என்றதும் பொறு என்பதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு கேட்பார்: "பட்டாணி, வயித்தக் கேளு. வருதா?"

அவள் வயிற்றில் கை வைத்து யோசிப்பாள். முதல் மூன்று நாள் யோசித்து முடிப்பதற்குள் தரை நனைந்துவிட்டது. பாதி நாள் தரை துடைத்தவன் நான். நாலாம் நாள், பெட்டி சீறியதும் வயிற்றைத் தொட்டுவிட்டு, "வல்ல" என்றாள். வரவில்லையாம்! மடிப்பு பெட்டியைத் தலையணை உறைமேல் அப்படியே விட்டுவிட்டு மகளைத் தூக்கிச் சுற்றினார். இத்தனை வருடத்தில் அவர் கையால் கருகிய ஒரே துணி அதுதான். ஆறாம் நாள் பெட்டி சும்மா இருக்கும்போதே என் கடைக்குள் ஓடிவந்து, "மாமா, வலுது" என்றாள். வருகிறதாம்! கையிலிருந்த கடிகாரத்தை வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஒன்றாம் தேதி காலை மனைவி வேலைக்குப் புறப்பட, நாங்கள் இருவரும் பட்டாணியைக் காப்பகத்துக்கு அழைத்துப் போனோம். ஆறு கவுன் இருந்த பை என் கையில். மடிப்பு உள்ளே போகவும் மாட்டாமல், வெளியே வரவும் மாட்டாமல் வாசலிலேயே நின்றார். பேருந்து வந்தது. ஸ்ஸ்ஸ் என்றது. அவர் கை என்னிடமிருந்த கவுன் பைக்குப் போனது.

பட்டாணி விளையாட்டை நிறுத்தினாள். வயிற்றில் கை வைத்தாள். பேருந்தைப் பார்த்து, "வல்ல" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மறுபடி கட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

இரண்டு பேருந்துகள் போன பிறகு அவளே எழுந்து அந்த அம்மாவின் புடவையை இழுத்து, "வலுது" என்றாள். போய்விட்டுக் காய்ந்த கவுனோடு திரும்பினாள்.

மடிப்புக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனிதர் ஏனோ ஒரு காலில் நிற்பதும், மறு காலுக்கு மாறுவதுமாக இருந்தார். பட்டாணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கிட்டே வந்து அவர் வயிற்றில் கை வைத்தாள்.

"அப்பா, வலுதா?"

விடிந்ததிலிருந்து மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் தன்னைக் கேட்டுக்கொள்ள மறந்திருந்தார். அசடு வழிந்தபடி, "வருதும்மா" என்றார்.

காப்பகத்து அம்மா கதவை அகலத் திறந்தார்.

"சொல்லத் தெரியுதுல்ல? உள்ள வாங்க."