எண்பது பல் பிளேடு

சென்ற ஆடி மாதம் பதினொன்றாம் தேதி, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது, காற்று ஆளைத் தள்ளியது. என் மூக்குக் கண்ணாடியில் நான்கு தூறல் விழுந்தது, ஐந்தாவது விழவில்லை. நல்லூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்று, வட்ட ரம்பப் பிளேடின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு முழங்கால் மடங்காது. எட்டு மாதமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பாடு. குண்டடத்தில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, என் பங்காக இரண்டு வேங்கைப் பலகைகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் பதினொரு அங்குல அகலம். ஓரங்களை நீளவாக்கில் அறுத்து, இரண்டையும் ஒட்டினால் ஒரு மேசை. அறுத்த இடம் வழவழப்பாக இருந்தால்தான் ஒட்டு சேரும். இருபது அங்குலத்துக்குக் குறைந்தால் மாத்திரை டப்பாக்களுக்கே இடம் போதாது என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கெட்டுப்போனால் மூன்றாவது பலகை கிடையாது.

எங்கள் தெருவில் மரப் பட்டறை வைத்திருப்பவர் தென்காசிப் பக்கத்துக்காரர். அவருடைய பிளேடு சாணை பிடிக்கப் போயிருந்தது, வர நான்கு நாள் ஆகும் என்றார். எனக்கு நான்கு நாள் பொறுக்கவில்லை, நானே வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

கடைக்காரர் முப்பது பல் பிளேடை எடுத்து வைத்தார். "நீளவாக்குல அறுக்க இது போதுங்க."

எனக்குச் சந்தேகம் வந்தது. முப்பத்தொரு வருடம் பின்னல் மெஷின் ஓட்டியவன் நான். ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்பதைத்தான் எங்கள் தொழிலில் கேஜ் என்போம். ஊசி கூடக்கூடத் துணி நைசாக வரும். பல்லுக்கும் அதே கணக்குதானே? விற்காத சரக்கை என் தலையில் கட்டுகிறார் என்று முடிவு செய்து, சுவரில் மாட்டியிருந்த எண்பது பல் பிளேடைக் கேட்டேன். முதல் தடவை எண்ணியபோது எழுபத்தொன்பதுதான் வந்தது. சாக்பீஸ் வாங்கி ஒரு பல்லில் குறி வைத்து மறுபடி எண்ணினேன். எண்பது. கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரர் பிளேடைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, இது குறுக்க வெட்டுததுக்கு உள்ளது. நீளவாக்குல விட்டா கருக்கிரும்லா."

"நான் எண்ணி வாங்கிட்டு வந்திருக்கறேனுங்க. போடுங்க," என்றேன்.

போட்டார். ஓர் அடி போவதற்குள் மெஷின் உறுமியது. இரண்டாவது அடியில் புகை. மூன்றாவது அடியில் மின்சாரம் போய்விட்டது. பட்டறைக்கும் பக்கத்துத் தையல் யூனிட்டுக்கும் ஒரே லைன். டெய்லர்கள் பதினான்கு பேர் வெளியே வந்துவிட்டார்கள். தீப்பிடித்துவிட்டதா என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லம்மா, அண்ணாச்சி பிளேடு வாங்கியாந்திருக்காவ," என்றார் பட்டறைக்காரர்.

வெட்கம் தாங்காமல் பதினான்கு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பலகையின் ஓரம் அடுப்புக்கரி போல இருந்தது. அதைத் தடவிப் பார்க்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

நீளவாக்கில் அறுக்கும்போது மரம் நார் நாராக வரும், அது வெளியேற இரண்டு பல்லுக்கு நடுவில் இடம் வேண்டும், இடம் இல்லாவிட்டால் பல் அறுக்காமல் உரசும் என்று அவர் விளக்கினார். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நைஸ் கேஜ் மெஷினில் தடித்த நூலைப் போட்டு ஊசியை உடைத்தவர்கள் எத்தனை பேரை நான் திட்டியிருக்கிறேன்.

மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து அந்த முப்பது பல் பிளேடை எடுத்தார். "வருவீங்கன்னு தனியா எடுத்து வெச்சேனுங்க." ஓடின பிளேடைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், நானும் வற்புறுத்தவில்லை.

முப்பது பல் வேங்கைக்குள் சத்தமில்லாமல் போனது. பட்டறைக்காரர் பலகையை எங்கும் நிறுத்தாமல் ஒரே சீராகத் தள்ளினார். கருகியதை அறுத்து எறிந்த பிறகும் இரண்டு பலகையும் சேர்ந்து இருபது அங்குலமும் ஒரு முக்காலும் நின்றது. மூன்று முறை அளந்தேன். மேசையின் இரு தலைகளையும் குறுக்கே வெட்ட அந்த எண்பது பல்லே உதவியது, வெட்டு கண்ணாடி போல வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, அறுக்கப் போனீங்களா, எரிக்கப் போனீங்களா?"

இப்போது அவள் மேசை முன் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். ஒட்டு எங்கே என்று இன்றும் விரலால் தேடுகிறாள், அகப்படவில்லை. பல்லை மட்டும் எண்ணினால் போதாது, நடுவில் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும் என்று எழுபத்திரண்டு வயதில் நான் கற்றுக்கொள்ள, இரண்டு பிளேடும் பதினான்கு டீயும் சேர்த்து ஆன செலவு நாலாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ரூபாய்.