கல் குடிக்காத அலை

கைப்பேசி அலை ஒரு கருங்கல்லுக்குள் நுழையுமா, நுழையாதா? நீங்கள் அளந்து பார்த்ததுண்டா, இல்லை யாரோ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தீர்களா?

கல்லூரிப் பேராசிரியையான ஓர் அம்மாள் அளக்கிறார். சன்னலோர மேசையில் குனிந்து, ஒரு பாறைத் துண்டின் விளிம்பை உப்புத்தாளில் தேய்க்கிறார், ஊதுகிறார், அலை பாயும் செவ்வகப் பித்தளைக் குழாய்க்குள் செருகிப் பார்க்கிறார், உருவி மறுபடி தேய்க்கிறார். "இடுக்கு இருந்தா அலை நழுவிடும். அப்புறம் கருவி வாய்க்கு வந்ததைச் சொல்லும்" என்பார். கைப்பேசி அலையைப் போன்ற நுண்ணலையைப் பாய்ச்சினால் பாறை எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது, எவ்வளவை விழுங்கிச் சூடாகிறது, எவ்வளவை அப்பால் விடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மாணவர்கள் வைத்த பட்டப்பெயரும் உப்புத்தாள்தான். கையிலிருக்கும் தாளுக்காக மட்டும் வைத்ததல்ல, பேச்சும் அப்படித்தான் உராயும்.

இரும்புத்தாது மிகுந்த பாறை நுண்ணலையை உள்வாங்கும் என்று அவர் ஒரு கட்டுரையில் எழுதினார். கடைத்தெருவில் கல் விற்கும் ஒருவன் அந்த ஒரு வரியைப் பிய்த்தெடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டான். 'கதிரை விழுங்கும் கல், வலிப்பும் தலைவலியும் ஓடும்!' கீழே இவருடைய பட்டமும் பதவியும்.

விளம்பரத்தைப் பார்த்த அம்மாள் நேரே கடைக்குப் போனார்.

"நீங்க எழுதினதுதானே மேடம்?" என்றான் அவன், வெட்கமே இல்லாமல்.

"அடுத்த வரி எங்கய்யா? மெல்லிசான துண்டுன்னா அலை அப்படியே தாண்டிப் போயிடும்னு எழுதினேனே, அதை முழுங்கிட்டியா?"

"அதெல்லாம் போட்டா யாரு மேடம் வாங்குவா?"

வாங்கியவர்களில் ஒருத்தி இவருடைய சொந்த அக்கா. வலிப்பு நோயாளி. கல்லைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். போன வாரம் வலிப்பு வந்து அடுப்பின் மேலேயே சாய்ந்தார், முழங்கை வெந்துவிட்டது. இதற்குப் பெயர் வியாபாரமா? கொலைக்கு ஒத்திகை என்பேன் நான்.

கட்டுப் போட்ட கையோடு அக்கா வாதாடினார். "உன் பேரைப் பார்த்துத்தானேடி வாங்கினேன்!"

தங்கைக்கு முகம் சுருங்கிப்போனது. வீட்டிலிருந்த கற்களையெல்லாம் வாரினார்: கழுத்தில் கிடந்தது, தலையணைக்கடியில் இருந்தது, தொலைக்காட்சி மேல் வைத்தது. ஒரு துணிப்பையில் பாதியைக் கொட்டி, அக்காவின் கைப்பேசியை நடுவில் வைத்து, மீதியையும் மேலே கொட்டிக் கட்டினார். தன் கைப்பேசியில் அழைத்தார்.

பை கணீரென்று பாடியது.

"அது... கெட்ட அலையை மட்டும் தடுக்குமாம்" என்றார் அக்கா.

"ஏன்க்கா, கல்லு என்ன மூஞ்சியைப் பார்த்தா உள்ளே விடுது? குடைக்கம்பியை மட்டும் பிடிச்சிக்கிட்டு மழையில நனையலன்னு சொல்லுவியா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியவில்லை. பையை அவிழ்த்துக் கைப்பேசியை எடுத்து, வெந்த கையால் தங்கையிடம் நீட்டினார். "டாக்டருக்குப் போடு. திட்டுவாரு. நீயே பேசு."

அந்தக் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். போங்கள். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கடைக்காரனின் கைப்பேசியை அவன் விற்கும் கற்களுக்கு அடியிலேயே புதைக்கச் சொல்லி, எல்லார் முன்னாலும் அந்த எண்ணை அழையுங்கள்.