வரிக்குக் கீழே ஓர் அடிமட்டம்

வெள்ளவத்தையில் வாசிப்புப் பயிற்சி தரும் டீச்சர், என் மகனின் புத்தகத்தில் வரிக்குக் கீழே அளவு கோடிட்ட மர அடிமட்டத்தை வைத்தார். அவன் வரி தவறாமல் வாசித்தான். என் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

யுத்த காலத்தில் எனக்குப் பத்து வயது. அப்பாவோடு போனபோது சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் என்னிடம் வீட்டு இலக்கம் கேட்டான். எனக்கு இலக்கங்கள் எப்போதும் இடம் மாறும். நாற்பத்தைந்தை ஐம்பத்துநான்கு என்றேன். வீட்டாரைப் பற்றி அப்பா கையில் வைத்திருந்த பொலிஸ் பதிவில் வேறு இலக்கம் இருந்ததால் அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். மறுநாள் திரும்பி வந்தவர் அடிமட்டத்தை எடுத்தார்.

"வேணுமெண்டே செய்யிறாய்" என்று விரல் மூட்டுகளில் அடித்தார். அதன்பிறகு அது தினமும் நடந்தது.

"குடும்பத்தில வேற ஆருக்கும் இப்படி எழுத்து, இலக்கம் மாறுற பிரச்சினை இருந்ததோ?" என்று மகனின் புத்தகத்தை மூடிவிட்டு டீச்சர் என்னிடம் கேட்டார்.

பேரனோடு வந்திருந்த அப்பா எனக்கு முன்னமே பதில் சொன்னார்.

"இல்லை பிள்ளை. எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லை."