உப்புக் கடலருகே ஒரு பாலம்

எரிகிற சோதோம் ஊரை விட்டு ஓடும்போது அந்தப் பெண் ஏன் திரும்பிப் பார்த்தாள்?

வேதாகமத்தில் அதற்குக் காரணம் இல்லை. கணவனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஓடுகிறாள். பின்னால் பார்க்கவேண்டாம் என்று தேவதூதர்கள் சொல்லியிருந்தார்கள். பார்த்தாள், உப்புத்தூணாகிப் போனாள். அவளுக்கு ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் இதைக் கேட்ட வயதில் அவள் எனக்குச் சொல்வழி கேளாத ஒரு மனுசி, அவ்வளவுதான். ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஜேர்மனியின் எசன் நகரில் எங்கள் தமிழ்ச் சபை ஒரு ஜேர்மன் தேவாலயத்தின் மண்டபத்தில் கூடுகிறது. அவர்களுடைய ஆராதனை காலையில், எங்களுடையது பின்னேரம். வருடத்தில் ஒரு ஞாயிறு பெண்களுக்கானது. அன்று பிரசங்கத்துக்குப் பதிலாக, வேதாகமத்தில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி எங்களில் ஒருத்தி கதை எழுத, இன்னொருத்தி அதை வாசிப்பாள். இந்த முறை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊரில் உயர்தரம் வரை தமிழ் படித்தவள் என்பது ஒரு காரணம். கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும், அது மற்றக் காரணம்.

மகள் கிண்டர்கார்டனில் இருக்கும் நேரத்தில் நகர நூலகத்தில் போய் இருந்து படித்தேன். அந்தக் காலத்துப் பெண்கள் எந்த எண்ணெயில் விளக்கு எரித்தார்கள், தானியத்தை எதில் அரைத்தார்கள், சோதோம் இருந்ததாகச் சொல்லும் உப்புக் கடலின் கரையில் என்ன செடி முளைக்கும் என்றெல்லாம் தேடினேன். பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு எதிலும் உண்டு. மகளின் காய்ச்சல் மருந்தை அளந்து கரண்டியில் விட்ட பிறகும் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

என் கதையில் அவளுக்கு மூன்றாவதாக ஒரு மகள் இருந்தாள். அந்தப் பிள்ளை ஓடும் சனத்துக்குள் கை நழுவிப் போய்ப் பின்னால் நின்று "அம்மா" என்று கூப்பிடுகிறாள். தாய் திரும்புகிறாள். அதோடு கதை முடிகிறது.

ஒரு சனிக்கிழமை, மண்டபத்துச் சமையலறையில் அடுத்த நாள் தேநீருக்கு ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தபோது கதையை ஒருமுறை வாசித்துப் பார்த்தோம். வாசிப்பதற்குச் சபை தெரிந்தெடுத்தது பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனிலிருந்து வரும் ஓர் அக்காவை. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். தாழ்ந்த, அவசரப்படாத குரல். எங்கள் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதும் அவர்தான். மழையில் நனைந்த மூட்டைகளோடு சனம் ஒடுங்கிய பாலத்தில் நெரிபடும் இடம் வந்ததும், உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. பாலமோ? அங்க எங்கயப்பா பாலம்?"

"மழையும் பெய்யுதாம்," என்றார் எண்ணெய்ச் சட்டியோடு நின்ற மற்றவர். "பாலைவனத்தில குடை பிடிக்காத குறைதான்."

"தங்கச்சியின்ர ஆக்கள் சோதோமில இருந்து கைதடிப் பாலத்தாலதான் வெளிக்கிட்டிருக்கினம்," என்றார் முதல் பேசியவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இவ்வளவு தேடிப் படித்துவிட்டு, அந்தப் பாலைநிலத்தில் எப்படிப் பாலம் கட்டினேன்? போரில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் கைதடிப் பாலத்தால் ஊரை விட்டு நடந்தபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். மழை, பாலம், கால் வைக்க இடமில்லாத சனம் என்று அம்மா சொல்லிச் சொல்லி, ஊரை விட்டு ஓடுவது என்றால் எனக்கு இப்படித்தான் தெரியும். நான் பார்க்காத பாலம், எனக்குத் தெரியாமலே கதைக்குள் வந்துவிட்டது.

வாசித்துக்கொண்டிருந்த அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, கடைசிவரை வாசித்தார். "அம்மா" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் நின்றது.

பிறகு தட்டுகள் கழுவும்போது நாங்கள் இருவரும் மட்டும் நின்றோம்.

"பாலத்தை எடுத்துவிடுறன் அக்கா."

"எடுக்காதையும்."

"அது பிழை அக்கா. அங்க பாலம் இல்லை."

"எனக்கு இருந்தது," என்றார்.

தண்ணீர்க் குழாயைப் பூட்டாமலே சொன்னார். "அப்ப உம்மட மகளைவிடக் கொஞ்சம்தான் பெரிசு நான். அம்மாவின்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். தம்பி அவவின்ர இடுப்பில. பாலத்தில சனம் நெரிச்சதில கை விட்டுப்போச்சு. கத்தினன். அவவின்ர முதுகு எனக்கு வடிவாத் தெரியுது. முதுகு போகுது."

யாரோ ஒரு குடும்பம் அவரைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. சனம் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சில நாட்களுக்குப் பிறகு தாய் கண்டுபிடித்திருக்கிறார்.

"கட்டிப்பிடிச்சு அழுதவ. அதுக்குப் பிறகு இண்டுவரைக்கும் அதைப் பற்றி ஒரு கதை இல்லை. நானும் கேக்கேல்லை."

"அவவுக்குக் கேட்டிருக்காது அக்கா. அவ்வளவு சத்தத்துக்குள்ள."

"கேட்டதோ கேக்கேல்லையோ, இனி எனக்கு அது தேவையில்லை." தட்டைக் கவிழ்த்து வைத்தார். "உம்மட கதையில அவ திரும்பிறா, எல்லாம் முடிஞ்சுது. எங்கட அம்மா திரும்பி நிண்டிருந்தா சனம் எங்கள் மூண்டு பேரையும் மிதிச்சுக்கொண்டு போயிருக்கும். திரும்பாதது நல்லதெண்டு அவவுக்குச் சொல்லோணும். நேர சொல்ல எனக்கு ஏலாது. வாசிச்சா விளங்கிக்கொள்ளுவா. முன் வரிசையில இருத்துவன். ஒரு எழுத்தும் மாத்தாதையும், என்ன?"

"ஓம் அக்கா," என்றேன். அன்று மனம் நிறைந்துதான் வீடு போனேன்.

அந்த நிறைவு நிலைக்கவில்லை. மகளின் கிண்டர்கார்டனில் தெருப்பக்கமாக ஒரு யன்னல் இருக்கிறது. அதன் கீழே ஒரு சின்னப் படிக்கட்டு. காலையில் பிள்ளைகள் அதில் ஏறி நின்று, போகிற தாய் தகப்பனுக்குக் கை காட்டுவார்கள். நான் கை காட்டியதில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது, போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வாசலில் முத்தம் கொடுப்பேன், பிறகு நேரே ட்ராமுக்கு. அங்கே உள்ள ஆசிரியை ஒருநாள் தயங்கித்தான் சொன்னார்: நீங்கள் மூலை திரும்பிய பிறகும் உங்கள் மகள் யன்னலில் நிற்கிறாள்.

சமையலறைப் பேச்சுக்குப் பிறகு அந்த யன்னல் என்னை விடவில்லை. ட்ராம் நிறுத்தத்தில் நிற்கும்போது கண்ணாடியில் சின்னக் கை தட்டும் சத்தம் கேட்கும். அவ்வளவு தூரத்துக்கு அது கேட்க வழியில்லை. இருந்தும் கேட்கும். வீட்டில் அரிசி கழுவும்போதும் கேட்கும். இப்போது மூலையில் நின்று திரும்பிக் கை காட்டுகிறேன். திரும்பிய உடனே, ஏன் திரும்பினேன், இனி என்ன நடக்கப்போகிறதோ என்று நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. திரும்பினாலும் பயம், திரும்பாவிட்டாலும் பயம்.

போன கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் அந்த அக்காவின் தாயை, நான் அன்ரி என்று கூப்பிடுபவரை, சந்தித்தேன். கண் டொக்டரிடம் நேரம் குறித்திருந்த டெர்மினை முடித்து, தனியாக நிறுத்தத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். சேர்ந்து நடந்தோம். மகள் நடைபாதையில் மரத்திலிருந்து விழுந்து கிடந்த மண்ணிறக் கஸ்தானியன் காய்களைப் பொறுக்கிக்கொண்டு பின்தங்கிவிட்டாள்.

"அம்மா," என்று கூப்பிட்டாள்.

"வா, வா," என்றேன் நான், பழக்கத்தில், நடந்தபடியே.

பக்கத்தில் ஆளைக் காணவில்லை. அன்ரி திரும்பி நின்றிருந்தார். தலையை மட்டும் அல்ல, முழு உடம்பையும் திருப்பி, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. மகள் ஓடி வந்து என் கையைப் பிடிக்கும்வரை அசையவில்லை. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நடந்தார். கொஞ்சத் தூரத்தில், தெருவின் மற்றப் பக்கத்தில் ஒரு ஜேர்மன் குழந்தை "மாமா" என்று தன் தாயைக் கூப்பிட்டது. அன்ரி மறுபடியும் நின்று திரும்பினார்.

"அது எங்கட பிள்ளை இல்லை அன்ரி," என்றேன் சிரித்து.

"தெரியும் பிள்ளை."

ட்ராம் தூரத்தில் தெரிந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒருக்காக் கேட்டும் திரும்பாம விட்டா, பிறகு காது சும்மா இருக்க விடாது."

ட்ராமில் ஏறி இருந்ததும் அவரே கேட்டார்:

"பெண்கள் ஞாயிறுக்கு உம்மட கதையாமே. என்ர மகள்தான் வாசிக்கிறாவாம். முன்னுக்கு வந்து இருக்கச் சொல்லிப் போட்டா. என்ன கதை?"

"வேதத்தில உள்ளதுதான் அன்ரி," என்றேன். மகள் தன் கையிலிருந்த காய்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். அவர் அதை முந்தானையில் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அக்காவுக்குத் தெரியாத ஒன்று இப்போது எனக்குத் தெரியும். தாய்க்குக் கேட்டிருக்கிறது. இத்தனை வருடமும் தெருவில் கூப்பிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் திரும்பிக்கொண்டிருக்கிறார். நான் எழுதியபடி வாசித்தால், மண்டபம் அமைதியாக இருக்கும் நேரத்தில் அதே மகளின் குரலில் "அம்மா" என்று அவர் மறுபடியும் கேட்பார். திரும்பாதது நல்லது என்று மகள் சொல்ல நினைப்பது, அதற்குப் பிறகு அவருக்குக் கேட்குமா? அல்லது அந்த ஒரு சொல்லோடேயே காது அடைத்துப்போகுமா?

கதையை மாற்றினால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். முப்பது வருடம் சொல்ல முடியாததைச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே வழியையும் அடைத்தவளாவேன். அன்ரி சொன்னதை அக்காவிடம் சொல்லலாம். ஆனால் அது அவர் என்னை நம்பிச் சொன்னதா, வாய் தவறி வந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. தாயிடம் முன்கூட்டியே கதையைச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். கணவரிடம் கேட்டதற்கு, "ஒரு கதைக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்?" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

பாலம் இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்தேன்.

பெண்கள் ஞாயிறுக்குச் சில வாரங்கள் இருக்கின்றன. இதை வாசிப்பவர்களில் அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள் இருப்பீர்கள். சீலைத் தலைப்பைப் பிடித்து வந்தவர்களும், இடுப்பில் ஒன்றைச் சுமந்துகொண்டு மற்றதன் குரலைக் கேட்டவர்களும் இருப்பீர்கள். முன் வரிசையில் இருக்கப்போவது நீங்கள் என்றால், அந்தக் கதையை உங்கள் மகள் வாசிக்கக் கேட்க விரும்புவீர்களா? நான் அதை அப்படியே கொடுக்கட்டுமா, அல்லது வாசிப்பதற்கு முன் இருவரில் ஒருவரிடம் பேசட்டுமா? யாரிடம்? தயவுசெய்து எழுதுங்கள்.